பல் டாக்டர் மாற்றிய பிரேக்

என் கிளினிக்குக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் வீட்டிலேயே எதையாவது செய்து பார்த்துவிட்டுத்தான் வருவார்கள். கிராம்பை நசுக்கி வைத்து ஈறைப் புண்ணாக்கியிருப்பார்கள். ஒருவர் ஆடுகிற பல்லில் நூலைக் கட்டி, மறுமுனையைக் கதவில் கட்டி, கதவை அறைந்து சாத்தினார். பல் பாதிதான் வந்தது, தாழ்ப்பாள் முழுசாக வந்துவிட்டது. இவர்களையெல்லாம் நான் நாற்காலியில் சாய்த்து, வாயைத் திறக்கச் சொல்லி, பதில் பேச முடியாத அந்த நேரமாகப் பார்த்துத் திட்டுவேன். "தெரியாத வேலைய ஏங்க வீட்ல வச்சுப் பாக்குறீங்க? இதுக்குன்னு படிச்சவன் எதுக்கு இருக்கான்?"

அப்படிப்பட்ட நான்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், வில்லாபுரத்தில் என் வீட்டுப் போர்ட்டிகோவில், கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு என் காரின் முன்சக்கரங்களைக் கழற்றப் போனேன்.

காரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஸ்போர்ட்ஸ் கார், இரண்டே சீட்டு, கோயம்புத்தூர்க்காரர் ஒருவரிடம் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. மதுரையில் ஸ்போர்ட்ஸ் கார் எதற்கு என்று கேட்காதவர்கள் இல்லை. ஸ்பீடோமீட்டர் முள் பாதியைத் தாண்டி நான் பார்த்ததே கிடையாது. ஷேர் ஆட்டோவுக்குப் பின்னாலேயே போய் ஷேர் ஆட்டோவுக்குப் பின்னாலேயே திரும்பி வருவேன். ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கரிலும் வயிற்றைத் தேய்த்துக்கொண்டு கார் ஏறி இறங்கும்போது பக்கத்தில் பைக்கில் போகிறவர்கள் "ச்சு" என்று எனக்காக வருத்தப்படுவார்கள். ஆனாலும் அதில் ஏறி உட்கார்ந்தால் எனக்கு வயது இருபத்தைந்து. ஏறி உட்காரவும் எழுந்து வெளியே வரவும் ஆகிற நேரத்தில் மட்டும் உண்மையான வயது தெரிந்துவிடும்.

என் மனைவி அதில் வருவாள். கொஞ்சம் முணுமுணுப்பாள், புடவையைச் சுருட்டிக்கொண்டு கிணற்றுக்குள் இறங்குவதைப்போல இறங்குவாள், ஆனால் வருவாள். பிரேக் கத்த ஆரம்பித்த பிறகுதான் நிறுத்திக்கொண்டாள். அது சாதாரணக் கத்தல் இல்லை. தெருமுனையில் பிரேக்கைத் தொட்டால் டீக்கடையில் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள், "டாக்டர் வந்துட்டாரு" என்று கிளினிக்கில் காத்திருக்கிறவர்களுக்குப் போன் போகும். பேடு தேய்ந்து இரும்போடு இரும்பு உரசி, டிஸ்க்கும் வரிவரியாகப் போயிருந்தது. இரண்டையும் மாற்றியே ஆகவேண்டும்.

இந்தச் சமயத்தில்தான் உசிலம்பட்டிப் பக்கம் கட்டிக்கொடுத்திருக்கும் என் தங்கை, மகளுக்குக் காதுகுத்து வைத்தாள். குலதெய்வம் கோயிலில் மொட்டை போட்டுத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் காது குத்துவார்கள். நான்தான் தாய்மாமன், ஒரே மாமன். எங்கள் பக்கத்தில் மாமன் எப்படி வருகிறான் என்பதை ஊரே நின்று பார்க்கும். எத்தனை தட்டு, என்ன வண்டி, முக்கியமாக, மாமனும் அத்தையும் சேர்ந்து வருகிறார்களா. சீர்த்தட்டுகளுக்கும் சொந்தக்காரர்களுக்கும் வேன் பேசியாகிவிட்டது. நாங்கள் இருவர் மட்டும் காரில் போய் இறங்குவது என்பது என் கனவு. அவள் பட்டுப்புடவையில், நான் பட்டுவேட்டியில், முன்னால் மேளம். இதை நான் மனசுக்குள் பலமுறை ஓட்டிப் பார்த்திருந்தேன்.

"பிரேக்க சரி பண்ணுங்க, வாரேன்" என்று அவள் சொல்லியும் விட்டாள்.

சரி பண்ணுவதற்கு மெக்கானிக்கிடம் விட்டிருக்கலாம். போன தடவை ஒருவரிடம் ஏசி பார்க்கக் கொடுத்தேன். "ட்ரையல் பாத்துட்டுத் தாரேன் அண்ணே" என்று மத்தியானம் எடுத்துப் போனவர் சாயங்காலம்தான் வந்தார். ஏசி நன்றாக வேலை செய்தது. காருக்குள் சால்னா வாசனை ஒரு வாரம் சுற்றிச் சுற்றி வந்தது. அந்தக் கோபம் எனக்கு இருந்தது. அதைவிட, செல்போனில் வீடியோ பார்த்துப் பார்த்து இது ஒன்றும் பெரிய வேலை இல்லை என்ற எண்ணம் வந்திருந்தது. ஒருத்தன் வாய்க்குள் கண்ணாடியை விட்டு, தெரியாத மூலையில் இருக்கிற கடைவாய்ப்பல்லின் வேரைத் தேடி எடுக்கிறவன் நான். கண்ணுக்கு எதிரே தொங்குகிற பிரேக் எனக்கு எம்மாத்திரம்? பேடும் டிஸ்க்கும் ஆன்லைனில் வரவழைத்துவிட்டேன்.

மனைவியிடம் சொன்னதும் அவள் முகம் மாறியது. அவள் பேங்கில் வேலை பார்க்கிறாள்.

"நீங்க மாத்துவீங்க. சரி. அத யாரு செக் பண்ணுவா?"

"நான்தான்."

"எங்க பேங்க்ல ஒருத்தர் எண்ட்ரி போட்டா இன்னொருத்தர் பாத்துப் பாஸ் பண்ணாத்தான் பணம் போகும். போட்டவரே பாஸ் பண்ண முடியாது."

"இது பேங்க் இல்ல. எனக்கு என் கை மேல நம்பிக்கை இருக்கு."

"அதாங்க பயமா இருக்கு. நீங்க மாத்துனா நான் வேன்ல வாரேன், தட்டுகளோட."

தட்டுகளோடு மனைவி வேனில், மாமன் மட்டும் தனியாகப் பொம்மைக் காரில். ஊரில் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். சண்டை என்பார்கள், பிரிந்து இருக்கிறார்கள் என்பார்கள். சாப்பாட்டுப் பந்தி முடிவதற்குள் எங்களைக் கோர்ட் வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். அதைவிடப் பெரிதாக ஒன்று எனக்குச் சுருக்கென்று தைத்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் பல்லை வேறு யாரிடமும் காட்டியதில்லை. என் கையை நம்பி வாயைத் திறக்கிறவள், காரில் ஏற மாட்டேன் என்கிறாள். செய்து காட்டிவிடுவது என்று முடிவு செய்தேன். வேலையைப் பார்த்தால் அவளே வந்து ஏறிக்கொள்வாள்.

முதல் காரியமாக ஜாக்கி வைத்துக் காரைத் தூக்கினேன். தூக்கிய பிறகு நட்டைத் திருகினால் நட்டோடு சேர்ந்து சக்கரமும் ராட்டினம்போலச் சுற்றியது. நட்டைத் தரையில் இருக்கும்போதே தளர்த்தவேண்டும் என்று வீடியோவில் சொல்லியிருந்தார்கள்தான். திரும்ப இறக்கினேன். மேலே பால்கனியில் மனைவி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவள் காயப்போட்ட துணி கொஞ்சம்தான், எடுத்துக்கொண்ட நேரம் ரொம்ப.

அதற்குப் பிறகு வேலை சூடு பிடித்தது. கிளினிக்கிலிருந்து வாய்க்குள் பார்க்கும் கண்ணாடி, பஞ்சுச் சுருள்கள், ஸ்பிரிட், சிரிஞ்ச் எல்லாம் கொண்டுவந்து தட்டில் வரிசையாக வைத்திருந்தேன். பக்கத்தில் ஸ்பேனர்கள். கையுறையும் முகக்கவசமும் போட்டிருந்தேன். பேடுகளைப் பிடித்திருக்கிற காலிப்பரைக் கழற்றியாகிவிட்டது. பழைய டிஸ்க் மட்டும் துருப்பிடித்து அச்சோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. வீடியோவில் வருகிற வெள்ளைக்காரர் அதைச் சுத்தியலால் அடித்தார். நான் அடிக்கவில்லை. பல் பிடுங்கும்போது யாரும் மேலே இழுப்பதில்லை, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக அசைத்து அசைத்துக் குழியைத் தளர்த்துவோம். அதேபோல மரக்கட்டையால் இங்கே ஒரு தட்டு, அங்கே ஒரு தட்டு என்று தட்டி அசைத்தேன். கொஞ்ச நேரத்தில் டிஸ்க் முனகிக்கொண்டு கையோடு வந்தது. என்னை அறியாமல், "அம்புட்டுத்தான், முடிஞ்சிருச்சு, துப்புங்க" என்று சொல்லிவிட்டேன்.

அந்த நிமிஷத்தில் எனக்கு வந்த பெருமையை வைத்துக்கொண்டு இன்னும் நாலு கார் மாற்றியிருக்கலாம். புது டிஸ்க்கில் தடவி அனுப்பியிருந்த எண்ணெயை ஸ்பிரிட்டும் பஞ்சும் வைத்துத் துடைத்துத் துடைத்து, முகம் தெரிகிற அளவுக்குப் பளபளப்பாக்கினேன். பேடை டிஸ்க்கோடு அழுத்துகிற பிஸ்டனைக் கிளாம்ப் வைத்து உள்ளே தள்ளினேன். மேலே டப்பாவில் ததும்பி வந்த பிரேக் ஆயிலைச் சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்தேன், பெயிண்டில் ஒரு சொட்டுப் படவில்லை. பேடுகளைப் பொருத்தி, சக்கரத்தை மாட்டி, மறுபக்கமும் முடித்தபோது மூன்று மணி தாண்டியிருந்தது. வெள்ளைக்காரரும் வீடியோவில் சக்கரத்தை மாட்டிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். இனி சப்ஸ்கிரைப் பண்ணு, பெல்லை அமுக்கு என்று ஆரம்பிப்பார் என்று அணைத்துவிட்டேன்.

பிஸ்டனை உள்ளே தள்ளினால் பேடுக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் இடைவெளி விழுந்துவிடும், வண்டியை எடுப்பதற்கு முன்னால் பிரேக் பெடலை நாலைந்து முறை மிதித்துப் பிஸ்டனை வெளியே வரவழைக்கவேண்டும், இல்லாவிட்டால் பெடல் தரைக்குப் போகும், கார் நிற்காது. அவர் சிரித்து முடித்துவிட்டுச் சொன்னது இதைத்தான். எனக்கு இது மறுநாள்தான் தெரியும்.

ஒருவேளை நானாக ஏறி உட்கார்ந்து சும்மா பெடலை மிதித்துப் பார்த்திருப்பேன். அதற்குள் அம்மா வந்துவிட்டாள்.

"புதுச் சாமான் பூட்டியிருக்க. பூச போடாம ஏறாத."

"அம்மா, இது பிரேக் பேடு. புது வண்டி இல்ல."

"எதுவா இருந்தா என்ன, புது இரும்பு. நாலரைக்கு ராகு காலம் பொறந்துரும்யா, சட்டுன்னு குளிச்சிட்டு வா."

நான் குளித்துவிட்டு வருவதற்குள் அம்மா எல்லாம் செய்து வைத்திருந்தாள். பானெட்டில் பட்டை, சந்தனம், குங்குமம். நாலு சக்கரத்துக்கும் பொட்டு. முன்சக்கரங்களில் மட்டும் கம்பிகளுக்கு நடுவே கையை விட்டு, உள்ளே பளபளவென்று மின்னிய என் டிஸ்க்குகளுக்கும் மும்மூன்று விரலால் சந்தனம் தீற்றியிருந்தாள். ஒரு பாட்டில் ஸ்பிரிட்டைக் காலி பண்ணித் துடைத்திருந்தேன். எனக்கு வாய் வரை வந்தது. கடிகாரத்தைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டேன். நாலு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் தயாராக இருந்தது.

எங்கள் வீட்டுப் போர்ட்டிகோ தெருவைவிட உயரம். கேட்டிலிருந்து தெருவுக்கு ஒரு சரிவு. எதிர்வீட்டுக்காரர் மாடி கட்டுகிறார், அவர் வாசலில் மணல் குவித்திருந்தார்கள். மணலுக்குப் பக்கத்தில் அவரும் நின்றுகொண்டு தேங்காய் உடைப்பதை வேடிக்கை பார்த்தார். அம்மா சூடத்தைச் சுற்றிவிட்டு என் மனைவியைப் பார்த்து, "ஒரு போட்டோ எடும்மா, ஊருக்கு அனுப்புவோம், முன்னாடி போய் நில்லு" என்றாள். அவள் செல்போனோடு சரிவின் அடியில், காருக்கு நேர் எதிரே போய் நின்றாள். வீடியோவே எடுத்தாள்.

நான் ஏறி உட்கார்ந்தேன். அவள் பார்க்கிறாள் என்று முகத்தைக் கொஞ்சம் சரிசெய்துகொண்டேன். ஸ்டார்ட் பண்ணி, கியர் போட்டு, ஹேண்ட் பிரேக்கை எடுத்தேன். கார் மெதுவாக உருண்டு எலுமிச்சம்பழங்கள் பச் பச்சென்று நசுங்கின. அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். பிரேக்கை மிதித்தேன்.

கால் தரைக்குப் போய்விட்டது. அங்கே ஒன்றுமே இல்லை. மாடிப்படியில் இன்னும் ஒரு படி இருக்கிறது என்று நினைத்துக் காலை வைப்போமே, அந்த மாதிரி. கார் கேட்டைத் தாண்டிச் சரிவில் இறங்கியது. நேர் எதிரே என் மனைவி, முகத்துக்கு முன்னால் செல்போனைப் பிடித்துக்கொண்டு. நான் கத்தினேனா என்று எனக்குத் தெரியாது. ஹாரன் அடிக்கவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. அவள் திரையில் என்னத்தைப் பார்த்தாளோ, பக்கவாட்டில் ஒரே எட்டாக விலகினாள். அவள் புடவைத் தலைப்பு கண்ணாடியில் உரசிக்கொண்டு போனது. எதிர்வீட்டுக்காரர் வயதுக்கு மீறிய வேகத்தில் மணல் குவியலின் உச்சிக்கு ஏறினார். கார் அவர் காலடியில் மூக்கை மணலுக்குள் புதைத்து நின்றது. ஹேண்ட் பிரேக் என்று ஒன்று இருப்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கர்ரென்று இழுத்தேன்.

"எலுமிச்சம்பழம் வச்சதுனால தப்பிச்ச" என்றாள் அம்மா.

"என்ன டாக்டரே, மணலு வேணும்னா கேட்டா குடுக்க மாட்டேனா?" என்றார் உச்சியில் நின்றவர்.

என் மனைவி திட்டவாவது செய்திருக்கலாம். உள்ளே போய்ச் சாயங்காலக் காபி போட்டாள். என் டம்ளரைக் கொண்டுவந்து வைத்தபோது காபி சிந்தியது. அந்த வீடியோவை அவள் எனக்கு அனுப்பவில்லை, அவள் குளிக்கப் போனபோது நானே எடுத்துப் பார்த்தேன். கண்ணாடிக்குப் பின்னால் என் முகம். அகலமாகத் திறந்த வாய், பிதுங்கிய கண், என் நாற்காலியில் சாய்ந்து கிடக்கிறவர்களின் அதே முகம். அதற்கப்புறம் படம் ஒரு குலுங்கு குலுங்கி வானத்தைக் காட்டியது. அந்த வானத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

மறுநாள் வீடியோவைக் கடைசிவரை பார்த்தேன். பெடலை மிதித்து மிதித்துக் கட்டியாக்கினேன். பிறகு அதிகாலையில் ரிங் ரோட்டுக்கு எடுத்துப் போய், பேடு பதிவதற்காக வேகம் பிடிப்பதும் பிரேக் போடுவதுமாக ஓட்டினேன். முதல் இரண்டு மூன்று பிரேக்கில் முன்சக்கரத்திலிருந்து அர்ச்சனை நேரத்துக் கோயில் வாசனை வந்தது. அம்மாவின் சந்தனம் காய்ந்து பொரிந்து தீர்ந்தது. அதற்குப் பிறகு கத்தலும் இல்லை, இழுப்பும் இல்லை. கார் நன்றாக, மிக நன்றாக நின்றது. எனக்குத்தான் சந்தேகம் நிற்கவில்லை. வீட்டுக்கு வந்து மறுபடி சக்கரங்களைக் கழற்றினேன். எல்லா போல்ட்டையும் பார்த்தேன். மாட்டினேன். அடுத்த நாளும் கழற்றினேன். கிளினிக்கில் ஒருவருக்கு மரத்துப்போகும் ஊசி போட்டுவிட்டு, அது பிடிப்பதற்குள் கீழே ஓடிப்போய் நட்டைத் திருகிப் பார்த்துவிட்டு வந்தேன். காரில் வருகிறாயா என்று அவளை நான் கேட்கவில்லை. கேட்கிற முகம் எனக்கு இல்லை. வேனில் அவளுக்கு முன்சீட்டு பிடித்து வைக்கச் சொல்லிச் சித்தப்பாவிடம் மட்டும் சொல்லிவைத்தேன்.

காதுகுத்து அன்று காலை வேன் வந்தது, தட்டுகள் ஏறின, சொந்தக்காரர்கள் ஏறினார்கள். நான் காருக்குப் பக்கத்தில் நின்று, அவள் வேனில் ஏறுவதைப் பார்க்கப் பிடிக்காமல் செல்போனைத் தடவிக்கொண்டிருந்தேன். தலைநிமிர்ந்தால் வேன் தெருமுனை திரும்பிக்கொண்டிருந்தது. அவள் அரக்குப் பட்டில், புடவையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, என் காரின் இடது சீட்டில் இறங்கி உட்கார்ந்திருந்தாள்.

இதற்காகத்தான் அத்தனையும் செய்தேன். ஓடிப்போய் உட்கார்ந்தேன், சாவியைப் போட்டேன், கை வரவில்லை. இறங்கினேன். பட்டுவேட்டியை மடித்துக் கட்டி, வீல் ஸ்பேனரை எடுத்து நாலு சக்கரத்து நட்டையும் இறுக்கிப் பார்த்தேன். திரும்ப ஏறினேன். பெடலை மிதித்தேன். கல் மாதிரி இருந்தது. மறுபடி மிதித்தேன். மறுபடியும். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, எடுக்கலையா?"

"பயமா இருக்கு" என்றேன். "நான் மட்டும் போறப்ப தெரியல. நீ உக்காந்ததும் ரொம்பப் பயமா இருக்கு. ஆட்டோ பிடிச்சுத் தாரேன், வேனப் பிடிச்சிரலாம்."

அவள் சீட் பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டாள். "எடுங்க. பிள்ளைக்கு நேரமாச்சு."

நாகமலை தாண்டி, செக்கானூரணி தாண்டி, உசிலம்பட்டி ரோட்டில் அந்தக் காரை நான் ஓட்டிய லட்சணத்தை யாரும் நம்பமாட்டார்கள். டவுன் பஸ் எங்களை முந்தியது. வாழைத்தார் கட்டிய மொபெட் முந்தியது. தூரத்தில் ஆடு மேய்வது தெரிந்தாலே வேகத்தைக் குறைத்தேன். கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது மேளக்காரர்கள் ஓய்ந்துபோய் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். குழந்தைக்கு மொட்டை போட்டாகிவிட்டது. காது குத்துகிற ஆசாரி ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தபடி இருந்தார். என் தங்கை ஓடிவந்து, "என்னண்ணே, இம்புட்டு நேரமா? வேன் வந்து எம்புட்டு நேரமாச்சு!" என்றாள். தங்கை வீட்டுக்காரர் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "ஸ்போர்ட்ஸ் கார்னு சொன்னாய்ங்க, தள்ளிக்கிட்டு வந்தீகளா மச்சான்?" என்றார். கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். நான் பலமுறை மனசுக்குள் ஓட்டிப் பார்த்த ஊர்வலம் ஒன்றும் நடக்கவில்லை.

என்னைப் பிடித்து மனையில் உட்கார வைத்துக் குழந்தையை மடியில் போட்டார்கள். பின்னால் மனைவி தட்டோடு நின்றாள். மணல் கதையை யார் பரப்பினார்களோ, வேனில் வந்தவர்கள் மூலம் ஊர் முழுக்கத் தெரிந்திருந்தது. தங்கையின் மாமியார் என் மனைவியிடம் குனிந்து, எனக்குக் கேட்கும்படியாகத்தான் கேட்டார்கள். "அம்புட்டு நடந்தும் அந்தக் கார்லயா ஏறி வந்த? பயமா இல்லையா தாயி?"

"இருந்துச்சு அத்தை" என்றாள் அவள். "அவரு பயப்படாத வரைக்கும் எனக்குப் பயமாத்தான் இருந்துச்சு. இப்ப ஒரு வாரமா அவரே பயந்துக்கிட்டு இருக்காரு. இனி எனக்கென்ன?"

ஆசாரி ஊசியை இறக்கினார். குழந்தை வீறிட்டது. என் கண்ணிலிருந்தும் தண்ணீர் கொட்டியது. மாமனுக்கு எவ்வளவு பாசம் பார் என்று சுற்றி நின்றவர்கள் சொன்னார்கள், நான் மறுக்கவில்லை.